பிரபஞ்சத்தின் முடிவும் இறைவனின் நோக்கமும்

பிரபஞ்சத்துக்கு ஒரு முடிவு உண்டு என்று மதங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. இயற்பியல் அதைச் சொல்லத் தொடங்கியது 1852இல். கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர், அந்த ஆண்டு ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். இயற்கையில் நடக்கும் எந்த மாற்றத்திலும் பயன்படக்கூடிய ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகச் சிதறுகிறது, சிதறியதை முழுவதும் திரட்டி மீட்க வழியில்லை என்பது அதன் சாரம். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர் கூடத்துக் காற்றின் சூட்டுக்கு ஆறிவிடும். கூடத்துக் காற்றின் சூடு தானாகத் திரண்டு வந்து நீரைக் கொதிக்க வைப்பதில்லை. 1854இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பேசிய ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைப் பிரபஞ்சம் முழுவதற்கும் விரித்தார். எங்கும் சூடு ஒன்றாகிவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் நிகழ இடமில்லை. 1865இல் இயற்பியலாளர் கிளாசியஸ் இந்தச் சிதறலின் அளவுக்கு என்ட்ரோபி என்று பெயர் வைத்தார். உலகின் இந்த இறுதி நிலைக்கு வெப்பச் சாவு என்ற பெயர் நிலைத்தது.

இந்தச் செய்தியை வரவேற்றவர்கள் யார், எதிர்த்தவர்கள் யார் என்று பார்த்தால் இன்றைய வாசகருக்கு வியப்பாக இருக்கும். வரவேற்றவர்கள் பெரும்பாலும் இறைநம்பிக்கை உடையவர்கள். தாம்சனே உறுதியான கிறித்தவர். 1851இல் எழுதிய வரைவில், வானமும் பூமியும் ஆடையைப் போல நைந்துபோகும் என்ற திருப்பாடல் உவமையை அவர் நினைவுகூர்ந்தார். அவர்களுடைய வாதம் எளியது. ஓடி ஓடித் தளர்ந்துவரும் கடிகாரத்துக்கு யாரோ ஒருமுறை சாவி கொடுத்திருக்க வேண்டும். உலகம் அனாதியாக இருந்திருந்தால் அது எப்போதோ ஓய்ந்துபோயிருக்கும். இன்னும் ஓயவில்லை என்பதால் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு. தொடக்கம் உண்டென்றால் தொடங்கியவரும் உண்டு. மறுபக்கத்தில், பொருளே அனாதி என்று கொண்ட பொருள்முதல்வாதிகளுக்கு இந்த முடிவு கசந்தது. எங்கெல்ஸ், பின்னர் 'இயற்கையின் இயங்கியல்' என்று வெளியான குறிப்புகளில், சிதறிய ஆற்றல் எப்படியாவது மீண்டும் திரளத்தான் வேண்டும் என்று வாதிட்டார்.

அரை நூற்றாண்டுக்குள் சாட்சி கட்சி மாறியது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல உயர்ந்து வந்த உயிர்கள் எல்லாம் சூரியன் குளிர்ந்ததும் அடியோடு அழியும் என்ற எண்ணம் பொறுக்க முடியாதது என்று டார்வின் தன் வரலாற்றில் எழுதினார். ஆன்மா அழியாதது என்று நம்புவோருக்கு அது அவ்வளவு உறைக்காது என்றும் சேர்த்துக்கொண்டார். 1903இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதிய 'சுதந்திர மனிதனின் வழிபாடு' என்ற கட்டுரையில் வெப்பச் சாவு நாத்திகத்தின் தரப்பில் நின்றது. மனிதன் கட்டியது எதுவும் மிஞ்சாத உலகில், எந்த நோக்கத்தையும் எதிர்பார்க்காமல் வாழக் கற்க வேண்டும் என்றார் அவர். சமன்பாடு மாறவில்லை. தாம்சன் அதில் முதல் நாளைப் பார்த்தார், ரஸ்ஸல் கடைசி நாளைப் பார்த்தார், வேறுபாடு அவ்வளவே.

முடிவு இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இயற்பியலாளர்களுக்கும் இருந்தது. 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போன சுப்பிரமணியன் சந்திரசேகர், சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன், எரிபொருள் தீர்ந்தபின் வெண்குள்ளனாக அடங்கி ஓய முடியாது என்று கணக்கிட்டார். 1935 ஜனவரியில் லண்டன் வானியல் சங்கத்தில் அவர் பேசி முடித்ததும் வானியலாளர் எடிங்டன் எழுந்து, விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஏதோ ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று மறுத்தார். எடிங்டன் குவேக்கர் பிரிவைச் சேர்ந்த பக்தியுள்ள கிறித்தவர். ஆனாலும் அவர் மறுப்புக்குக் காரணம் மதம் என்று சொல்லிவிட முடியாது. இயற்கைக்கு ஓர் ஒழுங்கான முடிவு இருக்கும் என்ற நம்பிக்கை மதத்தைவிட அகலமானது. அப்படி ஒரு விதி இல்லை. தன்னை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்ட சந்திரசேகருக்கு 1983இல் நோபல் பரிசு வந்தது.

தொடக்கத்தின் கதை இதைவிட நன்கு அறியப்பட்டது. விரியும் பிரபஞ்சத்தை 1927இலும், அது ஓர் ஆதி அணுவிலிருந்து பிறந்தது என்ற கருத்தை 1931இலும் முன்வைத்த ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல் ஆதியாகமத்துக்குச் சாட்சி சொல்கிறது என்ற தொனியில் பேசினார். அதில் மகிழாதவர்களில் லெமேத்ர் முதன்மையானவர். தன் கோட்பாடு எந்த மெய்யியல், மதக் கேள்விக்கும் வெளியே நிற்கிறது, அதை ஏற்கும் பொருள்முதல்வாதி கடவுளை மறுக்கத் தடையில்லை என்பது அவர் நிலை. அடுத்த ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடம் பேசியபோது போப் அந்த ஒப்பீட்டைத் தவிர்த்தார். உண்மையில் லெமேத்ர் காத்தது கத்தோலிக்க மரபின் பழைய நிலைதான். உலகுக்குக் காலத்தில் தொடக்கம் உண்டா என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ் வாதிட்டிருந்தார். அவருக்குப் படைப்பு என்பது என்றோ நடந்த ஒரு நிகழ்ச்சி மட்டும் அல்ல. ஒவ்வொரு கணமும் உலகம் இறைவனைச் சார்ந்து இருக்கும் இருப்பு. அப்படிப் பார்த்தால் கடைசிக் கணத்துக்கும் தனிச் சிறப்பு ஏதும் இல்லை.

இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதன் எதிர்காலம் பற்றி 1998 வரை இரு வாய்ப்புகள் பேசப்பட்டன: ஈர்ப்பு வென்று எல்லாம் மீண்டும் ஒடுங்குவது, அல்லது விரிவு தளர்ந்தபடியே என்றும் தொடர்வது. அந்த ஆண்டு தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்த இரு குழுக்கள் எதிர்பாராத விடையோடு வந்தன. விரிவு தளரவில்லை, வேகம் கூடுகிறது. பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவரும் இதற்காக 2011இல் நோபல் பரிசு பெற்றார்கள். வேகத்தைக் கூட்டுவதற்கு இருள் ஆற்றல் என்று பெயர்; பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகம் அதுதான். அது என்ன என்பது தெரியாது.

இருள் ஆற்றல் மாறாமல் இருக்குமானால் வரப்போவது இது. சுமார் 100 கோடி ஆண்டில் சூரியன் பிரகாசம் கூடிப் பூமியின் கடல்கள் வற்றத் தொடங்கும். சுமார் 500 கோடி ஆண்டில் சூரியன் ஊதிச் செம்பெருமீனாகும். பத்தாயிரம் கோடி ஆண்டுகளைத் தாண்டும்போது தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் எல்லாம் கண்ணுக்கு எட்டாத தூரம் விலகிவிடும். அப்போது ஓர் உலகில் வானியலாளர்கள் இருந்தால், தங்கள் ஒரு மண்டலமே பிரபஞ்சம் என்று முடிவு செய்வார்கள், பெருவெடிப்புக்கு அவர்களுக்கு ஒரு தடயமும் கிடைக்காது என்று லாரன்ஸ் கிராஸும் ராபர்ட் ஷெரரும் 2007இல் காட்டினார்கள். படைப்புக்குச் சாட்சியாக ஒரு போப் சுட்டிய அதே தடயங்களுக்குக் காலாவதி நாள் உண்டு என்பது கவனிக்க வேண்டியது. சிக்கனமாக எரியும் செங்குள்ளன்கள் பல லட்சம் கோடி ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். நூறு லட்சம் கோடி ஆண்டுகள் அளவில் புதிய விண்மீன்கள் பிறப்பது நின்றுபோகும். பின்பு கருந்துளைகள். ஹாக்கிங் 1974இல் காட்டியபடி அவையும் மெல்ல ஆவியாகும். சூரிய நிறை கொண்ட ஒன்றுக்கு 1-க்குப் பின்னால் 67 சுழியங்கள் போட்ட அளவு ஆண்டுகள் ஆகும், பேருருவானவற்றுக்கு ஏறக்குறைய 100 சுழியங்கள். அதற்கப்பால் ஒளித்துகள்களும் சில அணுத்துகள்களும் ஒன்றையொன்று சந்திக்காத வெறுமையில் மிதக்கும். கெல்வினின் குளிர்ந்த முடிவு, அவர் நினைக்காத வழியில் திரும்பி வந்துவிட்டது. இது தீர்ந்த வழக்கு அல்ல: அரிசோனாவின் கிட் பீக் மலையில் விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்கும் டெசி ஆய்வின் 2024, 2025 முடிவுகள், இருள் ஆற்றல் வலுக் குறைந்து வருகிறதோ என்ற ஐயத்தை எழுப்பியிருக்கின்றன.

இயற்பியலுக்குள்ளேயே நோக்கத்தைக் காப்பாற்றும் முயற்சிகள் நடந்தன. 1979இல் ஃப்ரீமன் டைசன், உயிர் தன் சூட்டையும் சிந்தனை வேகத்தையும் குறைத்துக்கொண்டு நீண்ட உறக்கங்களுக்கு இடையே விழித்து வாழ்ந்தால், அளவுள்ள ஆற்றலைக் கொண்டே அளவற்ற எண்ணங்களை எண்ணலாம் என்று கணக்கிட்டார். 2000இல் கிராஸும் ஸ்டார்க்மனும், விரிவு வேகமெடுக்கும் பிரபஞ்சத்தில் அந்தக் கணக்கு செல்லாது என்று காட்டினார்கள். ஃப்ராங்க் டிப்ளர் 1994இல் வெளியிட்ட நூல் இன்னும் துணிச்சலானது. பிரபஞ்சம் ஒடுங்கும் கடைசிக் கணத்தில் எல்லையற்ற கணிப்புத் திறன் தோன்றி, இறந்தோர் அனைவரையும் மீண்டும் எழுப்பும் என்றார். அந்தக் கணத்துக்கு இயேசு சபைப் பாதிரியார் தெயார் தெ ஷார்தெனிடமிருந்து ஒமேகா புள்ளி என்ற பெயரை எடுத்துக்கொண்டார். நான்கே ஆண்டில் வந்த சூப்பர்நோவா அளவைகள் ஒடுக்கத்தையே சந்தேகத்துக்கு இடமாக்கின. உயிர்த்தெழுதலைத் தொலைநோக்கியின் பொறுப்பில் விட்டால் இதுதான் நேரும்.

இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பர்க் 1977இல் வெளியிட்ட 'முதல் மூன்று நிமிடங்கள்' நூலின் இறுதியில், பிரபஞ்சம் புரியப் புரிய அதற்கு அர்த்தம் இல்லை என்பதே தெரியவருகிறது என்ற பொருளில் ஒரு கூற்று வருகிறது. நோக்கம் பற்றிய விவாதங்களில் அதை மேற்கோள் காட்டாதவர்கள் குறைவு. அது இயற்பியலிலிருந்து பிறந்த முடிவா? இரண்டு ஆண்டு கழித்து அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் அப்துஸ் சலாம்; இருவரும் தனித்தனியே கண்டது ஒரே கோட்பாடு. சலாம் ஆழ்ந்த இஸ்லாமிய நம்பிக்கையாளர், பரிசு விருந்தில் குர்ஆன் வசனம் சொன்னவர். சமன்பாடுகளில் கூட்டல் குறி ஒன்றுகூட இருவருக்கும் மாறவில்லை.

முடிவிலிருந்து அர்த்தமின்மைக்குத் தாவும் வாதத்தில் சொல்லாமல் விட்ட ஒரு படி இருக்கிறது: நிலைக்காதது பயனற்றது. அந்தப் படி வலுவானதாகத் தெரியவில்லை. விடியலில் வாசலில் போட்ட கோலம் பத்து மணிக்குள் கால்பட்டு அழிகிறது. மாவை எறும்பு இழுத்துப் போகிறது. அழிந்ததால் கோலம் வீண் என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. மெய்யியலாளர் தாமஸ் நேகல் 1971இல் இதையே வேறு வழியில் மடக்கினார்: இன்று செய்வது பத்து லட்சம் ஆண்டு கழித்து ஒரு பொருட்டாக இராது என்றால், அப்போது ஒரு பொருட்டாக இராது என்ற செய்தியும் இன்று ஒரு பொருட்டல்ல. ஆனால் கோல உவமை இறைநம்பிக்கையாளருக்கும் முழுதாகக் கைகொடுக்காது. கோலத்தின் பயன் கோலத்துக்குள் இல்லை. போட்டவளிடமும் வாசலுக்கு வருபவரிடமும் இருக்கிறது. அப்படியானால் அண்டத்தின் முடிவு மட்டும் தெரிந்து பயனில்லை, அது யாருக்காக என்று தெரிய வேண்டும்.

நுண்ணிசைவு வாதம் இங்கே ஒரு விநோதமான முடிச்சில் மாட்டுகிறது. இயற்கையின் மாறிலிகள் உயிருக்கு ஏற்றபடி துல்லியமாக அமைந்திருப்பது நோக்கத்துக்குச் சான்று என்பது அந்த வாதம். அதற்கு அடிக்கடி காட்டப்படும் எடுத்துக்காட்டு, வெற்றுவெளியின் ஆற்றலைக் குறிக்கும் அண்டவியல் மாறிலி. குவாண்டம் கோட்பாட்டின் எளிய மதிப்பீடு, காணப்படும் அளவைவிட 1-க்குப் பின் 120 சுழியங்கள் அளவுக்குப் பெரிது. இப்போதுள்ளதைவிடச் சில நூறு மடங்கு கூடுதலாக இருந்தாலே விண்மீன் மண்டலங்கள் திரண்டிருக்காது என்பதை 1987இல் கணக்கிட்டவர் அதே வைன்பர்க்தான். இருள் ஆற்றலுக்கான மிக எளிய விளக்கமும் இந்த மாறிலியே. உயிருக்கு இடம்விட்ட கைதான் உயிரின் கதவையும் மெல்லச் சாத்துகிறது. அதை நோக்கத்தின் முத்திரையாகக் காட்டுவோர் அதன் இரண்டாவது வேலைக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

இன்னும் அடிப்படையான ஒரு தடை, தொலைநோக்கிக்குச் சம்பந்தமே இல்லாதது. இறைவனுக்கு நோக்கம் இருக்க முடியுமா? நோக்கம் உள்ளவன் ஒன்றை வேண்டுகிறான், வேண்டுபவனிடம் குறை இருக்கிறது. பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த ஆட்சேபத்தை எழுப்பி, படைப்பு வெறும் லீலை என்று பதில் சொல்கிறது. சங்கரர் அதற்கு மூச்சு விடுவதை ஒப்புக் காட்டுகிறார். பல நூற்றாண்டு கழித்து ஸ்பினோசா, 1677இல் வெளிவந்த நூலில், இதே வாதத்தால் கடவுளின் நோக்கம் என்பதையே தள்ளிவிட்டார். மீமாம்சை மெய்யியலாளர் குமாரில பட்டர் சுருக்கமான வழியில் போனார். உலகம் மொத்தமாகத் தோன்றியதும் இல்லை, மொத்தமாக அழியப்போவதும் இல்லை என்று படைத்தவனையும் சேர்த்து மறுத்தார். சமணருக்கும் உலகம் அனாதி, படைத்தவர் இல்லை, காலச் சக்கரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். புத்தரோ, உலகம் முடிவுள்ளதா முடிவற்றதா என்று கேட்ட மாலுங்கியபுத்தருக்கு, அம்பு தைத்தவன் எய்தவனின் குலத்தை விசாரித்துக்கொண்டிருப்பதைப் போன்றது அந்தக் கேள்வி என்று சொல்லி விடை தர மறுத்தார்.

இந்த வரிசையில் சைவ சித்தாந்தத்தின் இடம் தனியானது. அது கடவுளை அடையாளம் காண்பதே முடிவிலிருந்துதான். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞான போதத்தின் முதல் சூத்திரம், தோன்றி நின்று அழியும் உலகம் எவனிடத்தில் ஒடுங்குகிறதோ அவனிடமிருந்தே மீண்டும் தோன்றும் என்றும், ஆகவே சங்காரம் செய்பவனே முதல் என்றும் நிறுவுகிறது. பொருள்கள் தனித்தனியே அழிவதைக் காணலாம், உலகம் முழுவதும் அழியும் என்பது எப்படித் தெரியும் என்று கண்டதையே நம்பும் உலகாயதர் கேட்பார்கள். பகுதிகள் தோன்றி அழிவதால் முழுமைக்கும் அது உண்டு என்பது விடை. இந்த இடம் நின்று பார்க்கத் தக்கது. ஆறு நூற்றாண்டு கழித்து கிளாசியஸ் என்ட்ரோபியைப் பிரபஞ்சம் முழுவதற்கும் சொன்னபோது இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் எழுப்பியதும் ஏறக்குறைய அதே தடைதான். பகுதிகளில் அளந்ததை முழுமைக்குச் சொல்வதில் பொருளே இல்லை என்றார். ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனத்துக்கு ஒரு தாய் உண்டாகிவிடாது என்று 1948இல் பிபிசி வானொலியில் ரஸ்ஸல் கோப்பிள்ஸ்டன் பாதிரியாரிடம் சொன்னதும் இந்தக் குடும்பத்து மறுப்பே. பகுதியிலிருந்து முழுமைக்குப் போகும் அந்தப் பாலத்தை இன்றைய அண்டவியல் அனுமானத்தால் கடக்கவில்லை, அளவையால் கடக்கிறது. பாலத்துக்கு அப்பால் ஒரு கர்த்தா இருக்கிறான் என்பதை அந்த அளவை சொல்வதில்லை.

நோக்கம் யாருக்கு என்ற கேள்விக்குச் சித்தாந்தம் நேராக விடை தருகிறது. படைப்பை இறைவனின் விளையாட்டு என்று சொல்லவும் இடம் கொடுத்துவிட்டு, உயிர்களுக்குப் போகமும் வீடும் தரவும் அவற்றைப் பிணித்த மலங்களைத் துடைக்கவும் என்று சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் சேர்க்கிறார். பதியாகிய இறைவனுக்குக் குறையில்லை, குறை பசுவாகிய உயிருக்கு, தேவையும் பசுவுக்கு. பிறந்து இறந்து களைத்த உயிர்களுக்கு அழிப்பு என்பது இளைப்பாற்றல். உடலும் கருவியும் உலகமும் நுகர்பொருளும் மாயையில் ஒடுங்கும். வினைக்கணக்குத் தீராததால் மறுபடி தோற்றம். இங்கே அண்டம் கருவிதான், இலக்கு அல்ல. எனவே வெப்பச் சாவு இந்தக் கோட்பாட்டை அசைக்காது. அதற்கு ஒரு விலையும் உண்டு: எந்த வானியல் கண்டுபிடிப்பாலும் அசையாத கோட்பாட்டுக்கு எந்த வானியல் கண்டுபிடிப்பும் துணை நிற்காது. ஆனாலும் இரண்டையும் இணைத்துப் பார்க்கும் ஆசை விடுவதில்லை. 2004இல் இந்திய அரசு ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்துக்கு ஒரு நடராசர் சிலையை அன்பளிப்பாகத் தந்தது. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்ற புராணக் கணக்கு நவீன அண்டவியலின் அளவுகளை ஒட்டி வருவதை கார்ல் சேகன் 1980இல் தன் 'காஸ்மாஸ்' தொலைக்காட்சித் தொடரில் வியந்து பேசினார். அது தற்செயல் என்றும் கருதினார். அவர் வியப்பை மேற்கோள் காட்டும் மேடைகளில் அவர் சேர்த்த நிபந்தனை பெரும்பாலும் விட்டுப்போகிறது.

ஆபிரகாமிய மரபுகளின் நிலைமை சற்றுக் கடினம். அங்கே உலகம் கருவி மட்டும் அல்ல. நன்று என்று கண்டு படைக்கப்பட்டது, மீட்கப்படும் என்ற வாக்குறுதியும் உண்டு. வானங்களைச் சுருளைப்போல் சுருட்டி, முதலில் படைத்தவாறே மீண்டும் படைப்பதைக் குர்ஆன் சொல்கிறது. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவியை விட்டு 1982இல் ஆங்கிலிக்கன் குருவான இயற்பியலாளர் ஜான் போல்கிங்ஹார்ன் இதில் பூசி மெழுகவில்லை. இயற்கையின் போக்கில் நல்ல முடிவு எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு மனிதன் சில பத்து ஆண்டில் சாவதும் அண்டம் பல கோடி ஆண்டில் சாவதும் ஒரே கேள்வியின் இரண்டு அளவுகள். முதலாவதற்கு இறைவனிடம் விடை இருக்குமானால் இரண்டாவதற்கும் இருக்கும் என்பது அவர் வாதம். டிப்ளரின் கணக்கைவிட இது நேர்மையானது. அதே நேரம், பழைய உலகின் பொருள் புதிய உலகின் பொருளாக எப்படி மாறும் என்ற கேள்வி இயற்பியலின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது.

எல்லைக்கு உள்ளேயே சுழற்சியை மீட்க முயன்றவர் ரோஜர் பென்ரோஸ். 2010இல் வெளியிட்ட நூலில், கருந்துளைகளும் ஆவியாகி நிறையற்ற துகள்கள் மட்டும் எஞ்சும்போது பிரபஞ்சத்துக்குத் தூரமும் காலமும் அளக்கும் கோலே இல்லாமல் போகும் என்றார். அளவை இழந்த அந்தப் பெருவெளி அடுத்த பெருவெடிப்பிலிருந்து வேறாகாது. பெரும்பாலான அண்டவியலாளர்கள் இதை ஏற்கவில்லை. எலக்ட்ரான் போன்ற துகள்களும் என்றாவது நிறையை இழக்க வேண்டும் என்பது அதன் தேவை. அப்படி நடப்பதற்கு ஆதாரம் இல்லை. ஊழிதோறும் உலகம் ஒடுங்கித் தோன்றுவதற்கு இதை விஞ்ஞானச் சான்றாகக் கொள்ள விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெய்கண்டார் மரபுக்குத் தேவைப்படுவது அண்டத்தின் மறுதோற்றம் மட்டும் அல்ல, பழைய உயிர்களும் அவற்றின் தீராத வினையும் புதிய உலகுக்குத் தொடர்வதும்தான். பென்ரோஸின் திட்டத்தில் ஒரு யுகத்திலிருந்து அடுத்ததற்குக் கடப்பது ஒளியும் ஈர்ப்பலைகளும் போன்றவை. வினையைச் சுமந்துபோகும் எதற்கும் அதில் இடமில்லை. அதை அவர் தேடவும் இல்லை.